நோய்க்கு ஒரு நல்ல பெயர்

கோழிகளுக்குச் சளி பிடித்தது. சில நாளில் விட்டது. பண்ணைக்காரரின் தாத்தா பெயருக்குப் பிடித்ததுதான் விடவில்லை.

அந்தப் பெயர் பண்ணை வாசலில் இரும்பெழுத்தில் நிற்கிறது. முட்டைத் தட்டுகளில் பச்சை மையில் இருக்கிறது. பண்ணைக்காரர் சிறுவயதில் வகுப்பில் குறும்பு செய்து மாட்டிக்கொண்டபோது, ஆசிரியர் பிரம்பை ஓங்கிவிட்டு, "நீ அவர் பேரனாச்சே" என்று இறக்கிக்கொண்டதும் அந்தப் பெயருக்காகத்தான். அப்பேர்ப்பட்ட பெயர் இன்று ஒரு கோழி நோய்க்கு வைக்கப்பட்டிருக்கிறது. அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதக் கூடாதவர்கள் எழுதக் கூடாத இடத்திலெல்லாம் எழுதியது போதும்.

வைத்தது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தங்கை. அவள் கால்நடைக் கல்லூரியில் கணினி உயிரியல் ஆய்வாளர். கிருமிக்குள் இருக்கும் மரபணு எழுத்துகளை இயந்திரத்தில் படித்து, கணினியில் ஒப்பிட்டு, எது எதற்கு உறவு, எது எங்கிருந்து கிளைத்தது என்று சொல்கிற வேலை. அண்ணன் பண்ணையில் கோழிகள் தும்மியதும் ஓடி வந்தாள். மூக்கைப் பஞ்சால் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள். எழுத்துகளைப் படித்து, உலகத்தார் எல்லோரும் பார்க்கும்படி கணினிப் பொதுக் கிடங்கில் ஏற்றினாள். எந்த இடத்தில் எடுத்ததோ அந்த இடத்தின் பெயரைக் கிருமிக்கு வைப்பது அந்தத் துறையின் வழக்கம். வழக்கத்தை மீறாத பெண் அவள். வளர்த்தவர் அப்படி வளர்த்திருந்தார். வளர்த்தவர் அண்ணன்தான்.

அத்தோடு போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வட்டாரக் கணினி உயிரியல் ஆய்வாளர் கூட்டமைப்பு என்று ஒன்று புறப்பட்டு, தன் முதல் சாதனையாக ஒரு வரைபடத்தை வெளியிட்டது. நான்கு ஊர் ஆய்வகங்கள் ஆளுக்கொரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தன. எல்லாப் புள்ளியிலும் அதே கிருமி. அது பரவிய திசையைக் காட்ட அம்புக்குறிகள். அம்புகள் அத்தனையும் கிளம்பிய இடத்தில் தாத்தா பெயர். செய்தித்தாளில் வண்ணத்தில் வந்தது.

மறுநாள் ரொட்டிக் கடைக்காரர் முட்டையைத் திருப்பி அனுப்பினார். வழியில் யார் கண்ணிலும் பெயர் பட்டுவிடக் கூடாதென்று தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றியிருந்தார். சுற்றிய தாளிலும் அதே வரைபடம். முட்டை திரும்பியதைப் பண்ணைக்காரர் பொறுத்துக்கொண்டார். சுற்றி அனுப்பியதைப் பொறுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து தங்கையோடு பேச்சை நிறுத்தினார். வீடு ஒன்றே, அவள் மாடியில், இவர் கீழே. சொல்ல வேண்டியது இருந்தால் மனைவி வழியாகச் சொன்னார்.

"உன் நாத்தனார்கிட்ட சொல்லு, மோட்டாரை நிறுத்தச் சொல்லி."

"நிறுத்தியாச்சுன்னு சொல்லுங்க அண்ணி" என்று மாடிப்படியிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, நிறுத்தியாச்சாம்."

"காது கேக்குது."

"கேக்குதுல்ல? அப்ப நேராப் பேசித் தொலைங்களேன். நான் என்ன தபால் பெட்டியா?"

அந்தத் தபால் பெட்டி வழியாகத்தான் ஒரு நாள் செய்தி வந்தது. கிருமியின் பெயரை மாற்ற வேண்டுமானால் கூட்டமைப்பின் பெயரிடல் துணைக்குழுதான் மாற்ற வேண்டும். அந்தத் துணைக்குழு, வருகிற வாரம் நகரத்தில் நடக்கும் 'சமூகத்தைக் கட்டியெழுப்பும் மாநாட்டில்' கூடுகிறது. அண்ணன் வந்தால் தானும் வந்து எடுத்துச் சொல்வதாகத் தங்கை சொன்னாள். அண்ணன் தன்னிடமிருந்த சட்டைகளில் மிக விறைப்பானதை எடுத்து இஸ்திரி போட்டார். முட்டை வண்டியில் புறப்பட்டார்கள். வழி நெடுக இருவரும் வண்டிக்கு வெளியே இருந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர் வலப்பக்கத்து மரங்களை, அவள் இடப்பக்கத்து மரங்களை.

மண்டப வாசலில் பதிவு மேசை. பின்னால் இருந்தவர் கூட்டமைப்பின் செயலாளர். கழுத்தில் நாலைந்து அடையாள அட்டைகள் தொங்கின. குனிந்தபோது அவை மேசைமேல் சீட்டுக்கட்டு போல விரிந்தன.

"ஐயா எந்த ஆய்வகம்?"

"பண்ணை."

"பண்ணை ஆய்வகமா?"

"பண்ணை. கோழிப் பண்ணை."

செயலாளர் கணினித் திரையில் மேலும் கீழும் தேடினார். பிறகு முகம் மலர்ந்தது. "இதரர்! ஐயா, நீங்க இதரர், எந்த ஆய்வகத்தையும் சேராதவர். விதிப்படி ஒவ்வொரு குழுவிலும் இதரர் ஒருத்தர் இருந்தே ஆகணும். மூணு வருஷமா ஆள் கிடைக்காம எந்தக் குழுவுமே சட்டப்படி செல்லாம கிடக்கு. தயவுசெஞ்சு சாயந்தரம் வரைக்கும் போயிடாதீங்க."

'இதரர்' என்று அச்சிட்ட அட்டை அவர் கழுத்தில் ஏறியது. தாத்தா பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளப் பழகிய மனிதர் கொஞ்ச நேரம் அந்த அட்டையையே பார்த்தார்.

தங்கையின் முறை வந்தது. அவள் கல்லூரியின் பெயரைச் சொன்னாள். செயலாளரின் முகம் வாடியது.

"அம்மா, உங்க கல்லூரி வட்டாரத்துல இல்லையே."

"இங்கேருந்து பார்த்தா தெரியுமே சார். அதோ, அந்த நீலக் கட்டடம்."

"கட்டடம் இருக்கு. வட்டாரத்துல இல்லை." சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தைக் காட்டினார். வட்டாரத்தின் எல்லை பச்சைக் கோட்டால் வரையப்பட்டிருந்தது. நட்ட நடுவில் ஒரு வெள்ளை ஓட்டை. கல்லூரியும் பண்ணையும் அதற்குள் இருந்தன. "உங்க துறைத் தலைவர் ஒரு தடவை எங்க தலைவரோட கட்டுரையில தப்பு இருக்குன்னு எழுதிட்டார். அதுக்கப்புறம் வட்டாரத்தை வரையறுக்கும் குழு உக்காந்து வரைஞ்ச எல்லை இது. நீங்க பார்வையாளரா இருக்கலாம். கூட்டத்துல வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அப்போதுதான் பண்ணைக்காரருக்கு ஒன்று விளங்கியது. நோய் வட்டாரத்துக்கு வெளியிலிருந்து வந்தது என்று செய்தித்தாளில் எழுதியிருந்தார்கள். வெளி என்று அவர்கள் சொன்னது நடுவை.

இருவருக்கும் ஆளுக்கொரு துணிப்பை தரப்பட்டது. பை முழுக்கப் பொடிப் பொடியாக ஆங்கில எழுத்துகள், மேலிருந்து கீழ்வரை பட்டை பட்டையாக. உள்ளே ஒன்றுமில்லை.

தொடக்க விழாவில் தலைவர் பேசினார். துறைமுக ஆய்வகத்துக்கும் தலைவர், கூட்டமைப்புக்கும் தலைவர். மேடையில் அவருக்கு நாற்காலியும் அந்த நாற்காலிக்கு ஒரு மெத்தையும் போட்டிருந்தார்கள்.

"நண்பர்களே! இந்த வட்டாரத்தில் கணினி உயிரியல் செய்கிற நாமெல்லாம் சிதறிக் கிடந்தோம். ஒருவர் என்ன செய்கிறார் என்று மற்றவருக்குத் தெரியாது. கூட்டமைப்பு வந்தது. இன்று, ஒருவர் என்ன செய்கிறார் என்று மற்றவருக்குத் தெரியாது என்பது நம் அனைவருக்கும் தெரியும். இது பெரிய முன்னேற்றம்."

கைதட்டல்.

"முதல் ஆண்டில் செயற்குழுவை அமைத்தோம். இரண்டாம் ஆண்டில் அதை அமைத்தது சரிதானா என்று பார்க்க இன்னொரு குழுவை அமைத்தோம். தனியாகச் செய்ய முடியாததைச் சேர்ந்து மட்டும் எப்படிச் செய்வீர்கள் என்று சிலர் கேட்டார்கள். அவர்களையும் குழுவில் சேர்த்துக்கொண்டோம். இப்போது கேட்பதில்லை. நாம் ஒரு குடும்பம்!"

பண்ணைக்காரர் குடும்பம் என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடையை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். மலை ஆய்வகத் தலைவர் வடக்கு ஆய்வகத் தலைவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். ஆற்றங்கரை ஆய்வகத் தலைவரான அம்மையார் தன் நாற்காலியை யாரும் கவனிக்காதபோதெல்லாம் தலைவரின் நாற்காலிக்குச் சமமாக முன்னே தள்ளிக்கொண்டிருந்தார். சரி, குடும்பம்தான் போலிருக்கிறது என்று அவருக்கும் பட்டது.

விழா முடிந்ததும் இதரருக்கான கிராக்கி தொடங்கியது. செயலாளர் அவர் கையைப் பிடித்து அறை அறையாக அழைத்துப் போனார். போகிற குழுவிலெல்லாம் அவர் உட்கார்ந்தவுடன் குழு சட்டப்படி செல்லுபடியாகி, எல்லோரும் பெருமூச்சு விட்டு, தேநீர் குடித்தார்கள்.

சின்னக் குழுவில் பையைப் பற்றிப் பெரிய விவாதம். கூட்டமைப்பின் சின்னமே அந்தப் பைதான் என்று தெரிந்தது. கூட்டமைப்பை நிறுவிய நான்கு ஆய்வகங்களும் தங்கள் ஊர்க் கோழியில் கண்டுபிடித்த கிருமியின் எழுத்துகளை அலங்காரமாகத் தந்திருந்தன.

"அலங்காரத்துக்குன்னு பொய்யா எழுத்துப் போட்டா அறிவியலுக்கு அவமானமில்லையா? அதான் நிஜ எழுத்து" என்று செயலாளர் விளக்கினார். "முதல்ல ஆளுக்கு ஒரு வரின்னுதான் பேச்சு. துறைமுகம் ரெண்டு வரி கொடுத்துச்சு. வடக்கு விடுமா, நாலு வரி. ஆற்றங்கரை அம்மா, இருக்கறதை மொத்தமாக் கொடுத்துட்டாங்க. அப்புறம் எல்லாரும் மொத்தமாக் கொடுத்தாங்க. கைப்பிடியில பாருங்க, அங்கேயும் எழுத்துதான்."

மலை ஆய்வகத் தலைவர் எழுந்தார். பூதக்கண்ணாடி போன்ற மூக்குக்கண்ணாடி. "எங்க பட்டையைப் பையோட அடியில போட்டிருக்கீங்க. மலையைக் கொண்டுபோய்க் கீழே வைக்கறதா? இது பூகோளத்துக்கே விரோதம்."

நெடுநேரம் பேசி முடிவெடுத்தார்கள்: பையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் தலைகீழாகப் பிடிப்பது. உள்ளே இருப்பது கொட்டிவிடுமே என்று ஒருவர் கேட்டார். உள்ளே எதையும் வைக்கக் கூடாது என்று ஒரு துணைத் தீர்மானம் போடப்பட்டது. இதரரும் கை தூக்கினார். தூக்காவிட்டால் விடமாட்டார்கள் போலிருந்தது.

அடுத்து 'தரவுகளைப் பகிர்வோம்' என்ற அமர்வு. வாசலில் கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே ஆற்றங்கரை அம்மையார் பேசினார்.

"பகிர்வு என்பது ஒரு மனநிலை. தரவு அதற்கு அப்புறம். முதலில் மனம் பகிரட்டும். எங்கள் ஆய்வகத்தில் மனப்பூர்வமாகப் பகிர்கிறோம். யாருக்கும் எதையும் தருவதில்லை. ஏன்? வாங்குகிறவருக்கு இன்னும் பகிரும் மனநிலை வரவில்லை."

கடைசி வரிசையிலிருந்து தங்கை கையைத் தூக்கினாள். பார்வையாளர் என்பது நினைவு வந்து இறக்கினாள். அவள் வந்ததே அந்த நான்கு ஊர் எழுத்துகளுக்காகத்தான். அவை கிடைத்தால் கிருமி எங்கிருந்து எங்கே போனது என்று ஒரு மரம் வரைந்து பார்த்துவிடலாம். அண்ணன் பண்ணையிலிருந்து வெளியே போயிருந்தால் ஒரு மாதிரி கிளைக்கும். வெளியிலிருந்து அண்ணன் பண்ணைக்கு வந்திருந்தால் வேறு மாதிரி. அமர்வு முடிந்ததும் செயலாளரைப் பிடித்துக் கேட்டாள்.

"தாராளமாத் தரலாம்மா. முழு உறுப்பினருக்கு மட்டும்."

"முழு உறுப்பினர் ஆக என்ன பண்ணணும்?"

"கூட்டமைப்போட தரவை வெச்சு ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கணும்."

"தரவு கிடைச்சாத்தானே சார் வெளியிட முடியும்?"

"அதான் சொல்றேனே. தாராளமாத் தரலாம், முழு உறுப்பினருக்கு."

அவர் சிரித்தபடி போய்விட்டார். ஏமாற்றுகிற மனிதர் இல்லை. விதியை இவ்வளவு தூரம் வரை மட்டுமே படித்திருந்தார்.

மதியம் வரவேற்புக் கூடத்தின் நீளமான சோபாவில் அண்ணன் ஒரு கோடி, தங்கை ஒரு கோடி உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டார்கள். அண்ணன் கைப்பேசியை எடுத்து வீட்டுக்குப் போட்டு, ஒலிபெருக்கியை அமுக்கி, சோபாவின் நடுவில் வைத்தார்.

"உன் நாத்தனார்கிட்ட கேளு, காரியம் ஆகுமா ஆகாதான்னு."

"என்னங்க, ரெண்டு பேரும் ஒரே இடத்துலதானே இருக்கீங்க?" என்றது கைப்பேசி.

"ஒரே சோபாவுல. கேளேன்."

"ஏம்மா, ஆகுமாம்மா?"

தங்கை மடியில் பையை விரித்து வைத்துக்கொண்டு, வேறு வேலையில்லாமல், பட்டைகளின் ஓரத்தை விரலால் தொட்டுக்கொண்டு வந்தாள். ஒரு பட்டையின் கடைசியில் விரல் நின்றது. அடுத்த பட்டையின் கடைசிக்கு ஓடியது. அதற்கடுத்தது. ரொட்டி கையிலிருந்து விழுந்தது.

"அண்ணி, அண்ணனை அந்தப் பையை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்க. சுருக்கம் இல்லாம. அடிப்பக்கம் எனக்குத் தெரியணும்."

"என்னங்க, பையை இழுத்துப் பிடிப்பீங்களாம்."

"நான் என்ன துணிக்கடைப் பையனா? எதுக்காம்?"

"எதுக்குன்னு கேக்கறார்மா."

"பிடிக்கச் சொல்லுங்க அண்ணி!"

அப்படி ஒரு குரலை அவளிடம் அவர் கேட்டதில்லை. பிடித்தார். வரவேற்புக் கூடத்தில் போகிற வருகிறவர்கள், விறைப்பான சட்டை போட்ட ஒரு பெரியவர் காலிப் பையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து நிற்பதையும், ஒரு பெண் முட்டி போட்டு அதைப் படிப்பதையும் பார்த்துவிட்டு, இதுவும் ஓர் அமர்வு போலிருக்கிறது என்று கைதட்டிவிட்டுப் போனார்கள்.

பெயரிடல் துணைக்குழு மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் கூடியது. நான்கு ஆய்வகத் தலைவர்கள், செயலாளர், இதரர். தங்கை சுவரோரமாக ஒரு முக்காலியில்.

"நோய்க்கு எங்க பண்ணைப் பேரை வெச்சிருக்கு" என்றார் பண்ணைக்காரர். "அது எங்க தாத்தா பேரு. எடுக்கணும்."

தலைவர் கனிவாகப் புன்னகைத்தார். "உங்க உணர்வு புரியுது. ஆனா நோய் உங்க பண்ணையிலேருந்து பரவலைன்னு நிரூபிச்சாத்தானே எடுக்க முடியும்? நிரூபணம் இருக்கா?"

தங்கை எழுந்தாள். செயலாளர் பதறினார். "பார்வையாளர் பேசக் கூடாதும்மா! பேசணும்னா உறுப்பினர் ஒருத்தர் வழியாப் பேசலாம்."

"யார் உறுப்பினர்?"

"இதோ, இதரர் இருக்காரே."

அறையில் எல்லோரும் இதரரைப் பார்த்தார்கள். கைப்பேசி கூடத்துச் சோபாவிலேயே கிடந்தது. தங்கை முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணன் காதருகே போட்டு உட்கார்ந்து, குசுகுசுவென்று கொட்டத் தொடங்கினாள்.

"மெதுவாச் சொல்லு" என்றார் அவர். மாதக் கணக்கில் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. இருவருக்குமே அது தெரிந்தது. இருவரும் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

அவர் பையை மேசைமேல் விரித்தார். "இதுல நாலு பேரோட எழுத்தும் இருக்கு. நாலும் ஒண்ணுதான்னு சொல்றா. ஒரு எழுத்துகூட மாறலையாம்."

"ஒரே நோய்னா ஒரே எழுத்து. இதுக்கா ஒரு கூட்டம்?" என்றார் தலைவர்.

தங்கை மறுபடி குசுகுசுத்தாள். பண்ணைக்காரர் தலையை ஆட்டிக் கேட்டார். புரியாத இடத்தில் நிறுத்தினார். அவள் வேறு மாதிரி சொன்னாள். பிறகு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கிருமியோட எழுத்தை இயந்திரம் படிக்கணும்னா, பிடிச்சுக்கறதுக்கு ஒரு வால் ஒட்டுவாங்களாம். அது கிருமியோடது இல்லை, கோழியோடதும் இல்லை. ஆய்வகம் ஒட்டறது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் வால் வேற. படிச்சு முடிச்சதும் வெட்டி எடுத்துரணும். என் தங்கச்சி முதல் தடவை ஏத்தினப்ப வெட்ட மறந்துட்டா. அப்புறம் பார்த்துத் திருத்திட்டா. உங்க நாலு பேர் பட்டையோட கடைசியிலயும் அவ ஆய்வகத்து வால் அப்படியே இருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டு, அவள் சொல்லாததையும் தன் கணக்கில் சேர்த்துச் சொன்னார்: "உங்க நாலு வீட்டுக் கொடியில காயற சட்டையிலயும் எங்க வீட்டுச் சலவைக் குறி."

அறையில் மின்விசிறி சத்தம் நன்றாகக் கேட்டது.

முதலில் பேசியவர் வடக்கு. "எங்க ஆய்வு மாணவன் ஒருத்தன் இருந்தான். இப்ப இல்லை. அவனைக் கேக்கணும்."

ஆற்றங்கரை அம்மையார், "பொதுக் கிடங்கில் இருந்ததை எடுத்தோம். இதற்குப் பெயர்தான் பகிர்வு" என்றார்.

மலை ஆய்வகத் தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க மேல குத்தம் சொல்லாதீங்க. எங்க மலையில கோழிப் பண்ணையே கிடையாது. நாங்க எதை எடுத்துச் சோதிக்கறது? ஸ்தாபக உறுப்பினர் ஆகணும்னா ஒரு கிருமி கொடுக்கணும்னு சொன்னாங்க. கொடுத்தோம்."

தலைவர் எழுந்தார். கண்கள் பனித்திருந்தன. "நண்பர்களே, இதை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். நான்கு ஆய்வகங்கள், தூரத்தில் உள்ளவை, ஒன்றோடொன்று பேசாதவை. ஆனால் ஒருவரை ஒருவர் கேட்காமலேயே, ஒரே இடத்துக்குப் போய், ஒரே பொருளை எடுத்து, ஒரே பிழையோடு வந்திருக்கின்றன. சமூகம் என்றால் இதைவிட வேறென்ன?"

செயலாளர் கைதட்டத் தொடங்கி, யாரும் சேர்ந்துகொள்ளாததால் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப வரைபடத்தை எடுத்துருங்க" என்றார் பண்ணைக்காரர்.

"வரைபடத்தையா? அதை எடுத்துட்டா கூட்டமைப்புன்னு சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"அது உங்க பாடு. எனக்கு எங்க தாத்தா பேரு வேணும். இல்லேன்னா இந்தப் பை செய்தித்தாள்காரர்கிட்ட போகும்."

"மிரட்டறீங்களா?"

"மிரட்டலை. பை உங்களோடது. காலையிலேருந்து வாசல்ல நீங்களே எல்லாருக்கும் கொடுத்துக்கிட்டிருக்கீங்க."

தலைவர் மெல்ல உட்கார்ந்தார். வரைபடம் இருக்கட்டும், பெயரை மட்டும் மாற்றிவிடலாம் என்று உடனே ஒப்புக்கொள்ளப்பட்டது. வேறு என்ன பெயர் வைப்பது? நோயின் பெயராயிற்றே, நான்கு பேரும் மேசையைப் பார்த்தார்கள். துறைமுகத்தின் பெயர் கூடாது என்றார் தலைவர். வடக்கின் பெயரை எழுதினால் நடக்கிறதே வேறு என்றார் வடக்கு.

அப்போது செயலாளர் சும்மா இருக்க மாட்டாமல் ஒரு தகவலைச் சொன்னார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும். இனிமே இந்தக் கிருமியைப் பத்தி உலகத்துல யார் கட்டுரை எழுதினாலும் அந்தப் பேரை எழுதித்தான் ஆகணும். எழுதற ஒவ்வொரு தடவையும் அந்த ஆய்வகத்துக்கு ஒரு மேற்கோள், ஒரு மதிப்பெண்."

மின்விசிறி மறுபடி கேட்டது.

"யோசிச்சுப் பார்த்தா" என்று தலைவர் இழுத்தார், "துறைமுகம் இந்த வட்டாரத்துக்காக எத்தனையோ தியாகம் பண்ணியிருக்கு. இதையும் பண்ணலாம்."

"தியாகம்னா வடக்குக்குப் புதுசு இல்லை" என்றார் வடக்கு.

"மேற்கோளுக்கு ஆசைப்படுகிறவள் அல்ல நான்" என்றார் அம்மையார். "ஆனால் ஆற்றங்கரை என்ற சொல் காதுக்கு இனிமை."

மலை ஆய்வகத் தலைவர் மேசையைத் தட்டினார். "எங்க பக்கம் கோழியே இல்லை. அதனால எங்க பேரை வெச்சா யாருக்கும் நஷ்டமில்லை. நியாயமாப் பார்த்தா நோய் எங்களுக்குத்தான் சேரணும்!"

வாக்கெடுப்பு நடந்தது. நான்கு பேரும் தங்களுக்கே கை தூக்கினார்கள். ஒரு முறை அம்மையார் இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தார், செயலாளர் விடவில்லை. வராத நோயைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகப் படித்தவர்கள் நாலு பேர் மல்லுக்கு நிற்பதைப் பண்ணைக்காரர் இமைக்காமல் பார்த்தார். எந்த இடத்திலிருந்து தாத்தா பெயரை எடுக்க அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தாரோ, அந்த இடத்தில் தங்கள் பெயரைத் தூக்கிப் போட இவர்கள் வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரிசமம்" என்றார் செயலாளர். "விதிப்படி, இதரர் வாக்குதான் முடிவு."

தலைவர் தன் மெத்தையை உருவி இதரரின் நாற்காலியில் வைக்கச் சொன்னார். வேண்டாமென்று பண்ணைக்காரர் எழுந்து நின்றார்.

"ஒருத்தர் பேரை வெச்சா மத்த மூணு பேருக்கு மனக்கசப்பு. நீங்கதான் ஒரே குடும்பமாச்சே. கூட்டமைப்போட பேரையே வெச்சுருங்க."

நான்கு கைகளும் ஒன்றாக உயர்ந்தன. கூட்டமைப்பின் வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அது. தலைவர் பண்ணைக்காரரைக் கட்டிக்கொண்டார். அம்புக்குறிகள் இனி எங்கிருந்து கிளம்பும் என்று செயலாளர் கேட்டார். இந்த மண்டபத்திலிருந்து கிளம்பட்டும், எல்லா ஊருக்கும் நாம் பரவியது தெரியட்டும் என்று தலைவர் தழுதழுத்தார். மாலைச் செய்தியில் வருவதற்காகப் புது வரைபடத்தை அப்போதே அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்து முட்டை வண்டியில் ஏறினார்கள். மரங்கள் அதே இடத்தில்தான் இருந்தன; இருவரும் பார்க்கவில்லை.

"அண்ணா" என்றாள் தங்கை. "அந்த நோய் நாலு ஊர்ல எங்கேயும் இல்லை. நம்ம பண்ணையில இருந்துச்சு, போயிடுச்சு. இப்ப அது எங்கேயுமே இல்லை. இல்லாத நோய்க்குப் போய் ஒரு பேரை வெச்சிட்டு வந்திருக்கோம்."

"இல்லாத நோய்க்கு இல்லாத கூட்டமைப்போட பேரு. பொருத்தம் பார்த்துத்தான் வெச்சேன்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னாள்: "ஆனா நான் சும்மா இருக்க மாட்டேன். நோய் பரவவே இல்லைன்னு நாளைக்கே எழுதி வெளியிடப் போறேன். வாலைப் பத்தியும் எழுதுவேன். நான் வெட்ட மறந்ததையும் எழுதுவேன். அதுல எங்கே எடுத்ததுன்னு சொல்லியாகணும் அண்ணா. மறுபடி பண்ணைப் பேரு வரும்."

ரொட்டிக் கடை வந்தது. கடைக்காரர் வாசலில் நின்று மாலைச் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் தாளை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கையைத் தூக்குவதா வேண்டாமா என்று பாதியில் நிறுத்தினார். பண்ணைக்காரர் வண்டியை நிறுத்தவில்லை. நாளைக்கு அவராக வருவார், வரட்டும்.

"போடு" என்றார். "தாத்தா பேரை முழுசாப் போடு. கீழே உன் பேரையும் போடு. திருத்தம்னு பெரிசா எழுது."

சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. தங்கைதான் சோபாவிலிருந்து மறக்காமல் எடுத்து வந்திருந்தாள்.

"என்னங்க, போன காரியம் என்ன ஆச்சு? மத்தியானத்துலேருந்து அந்தப் பக்கம் யாரோ கைதட்டற சத்தம்தான் கேட்டுது. என்ன சொல்றா உங்க தங்கச்சி? எதாவது சொல்லணுமா அவகிட்ட?"

"வை" என்றார் பண்ணைக்காரர். "நாங்க பேசிக்கிட்டிருக்கோம்."